ஒரு மாத்திரை பிந்தி

சிட்னி ரோட்டில் பத்தொன்பதாம் எண் ட்ராம் ஓட்டுகிறேன்.
கண்ணுக்கு நேரே சின்னத் திரை ஒன்று
நாள் முழுக்க என்னை எடை போடும்:
முப்பது விநாடி முந்தி. நாற்பது பிந்தி.
முந்திவிட்டால் கதவைத் திறந்துவைத்து
கபாப் கடை வாசலில் சும்மா நிற்கவேண்டும்,
அட்டவணை வந்து எட்டிப்பிடிக்கும் வரை.
அந்த நிற்றல் எனக்குப் பிடிக்காது.
பாட்டுக்கு நடுவே
தேவையில்லாத இடத்தில் வாங்கிய மூச்சு அது.

இரவு பதினொன்றரைக்கு மேல்
கோபர்க்கில் வாடகை வீட்டின் பின்னறை.
தவணையில் வாங்கிய டிஜிட்டல் பியானோ, ஹெட்போன்,
நான்கு மாதமாக ஒரே நாக்டர்ன்.
இடக்கை தண்டவாளம், வலக்கை பயணி என்று
முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
அது பொய்.
ஜனவரி வெயிலில் தண்டவாளமும் நீளும்.

நகலெடுத்த தாளில் ஒரு சொல்: ரூபாட்டோ.
திருடப்பட்டது என்று பொருளாம்.
யாரிடமிருந்து என்று அச்சிடவில்லை.

ஆறு ஒலிப்பதிவுகள் வைத்திருக்கிறேன்.
ஒருவர் நாலு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்,
மழைக்கு முன் கொடியில் துணி எடுப்பவர்போல.
ஒருவருக்கு ஐந்தரை.
கீறல் விழுந்த மிகப் பழைய பதிவில்
இடக்கை இறங்கிய பிறகுதான் வலக்கை இறங்குகிறது,
படியில் கால் வைத்தபின்
கைப்பைக்குள் அட்டையைத் தேடுகிறவள்போல.
இன்று அப்படி வாசித்தால்
தேர்வில் மதிப்பெண் போகும் என்கிறார்கள்.
எனக்குத் தேர்வு கிடையாது.

பள்ளியில் மாத்திரை படித்தபோது
கண் இமைத்தால் ஒன்று, விரல் சொடுக்கினால் ஒன்று என்றார்கள்.
யாருடைய கண் என்று கேட்டு
வகுப்புக்கு வெளியே நின்றேன்.
நெடிலுக்கு இரண்டு.
அதுவும் போதாவிட்டால் பக்கத்தில் ஓர் உயிரெழுத்தை நிறுத்தி
இன்னும் இழுக்கலாம், அளபெடை.
‘பாட்டு’ என்று சொல்லிப் பாருங்கள்,
கடைசி உகரம் பாதி கரைந்திருக்கும்.
ஆக நம்மிடமும் திருட்டு உண்டு.
பெயர்தான் கௌரவமாக வைத்திருக்கிறோம்.

எடுத்ததைத் திருப்பித் தரவேண்டும் என்பது ஒரு கட்சி:
இங்கே தயங்கினால் அங்கே விரைந்து
வரி முடிவதற்குள் கணக்கை நேர்செய்.
போனது போனதுதான் என்பது இன்னொன்று.
டிப்போவில் சம்பளம் வாங்குகிறவள் நான்;
முதல் கட்சி.

செவ்வாய்க்கிழமை, மோர்லாண்ட் ரோடு நிறுத்தம்.
திரையில் ஐம்பது பிந்தி.
கதவை மூடப்போகையில் பக்கக் கண்ணாடியில் ஒரு ஆள்,
இரு கைகளிலும் மீன்தொட்டி,
தண்ணீரோடு, மீனோடு.
அவனால் ஓட முடியாது.
தண்ணீர் எவ்வளவு அனுமதித்ததோ
அவ்வளவு வேகத்தில் வந்தான்.
நான் நின்றேன்.
அறுபது, எழுபது.
வண்டிக்குள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.
ஒரு பையன் காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டுப் பார்த்தான்.
ஏறினான். தொட்டியில் அலை இருமுறை ஆடி
மூன்றாவதில் அடங்கியது.
அப்போதுதான் பிரேக்கை விட்டேன்.
அதற்குப் பிறகும் விரையவில்லை;
விரைந்தால் சிந்தும்.
கடைசி நிறுத்தம் வரை
அந்த நிமிடத்தை யாரிடமும் திருப்பித் தரவில்லை.
படிவத்தில் ‘தாமதத்துக்குக் காரணம்’ என்ற கட்டத்தில்
‘பயணி ஏற்றம்’ என்று எழுதினேன்.

பக்கத்து அறை டெஸ்பினாவுக்கு
என் நாக்டர்ன் கேட்காது.
சுவர் வழியே விசைகளின் கட்டைச் சத்தம் மட்டும் போகும்:
டக். டக்டக். டக்.
சுரம் உதிர்ந்து நேரம் மட்டும் மிஞ்சிய பாட்டு.
நான்கு மாதத்தில் அதைப் பற்றி
அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

புதன் காலை அடுப்படியில்,
நீளப்பிடி வைத்த செம்புப் பாத்திரத்தைப் பார்த்தபடியே கேட்டாள்:
“நேற்று நடுவில்
யாருக்காகக் காத்திருந்தாய்?”

மீனுக்காக என்றேன்.
அவள் திரும்பவில்லை.
காப்பி விளிம்பு வரை நுரைத்து ஏறியது.
பொங்குவதற்கு ஒரு இமை முன்னால்,
இல்லை, அரை இமை,
எடுத்தாள்.